சம்பந்தமில்லாத பேச்சு

காராச்சேவுன்னு சொன்னேன். ரித்துவுக்குப் புரியலை. கம்ப்யூட்டர் திரையில ஏறி இறங்கி ஓடுற கோட்டுல ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, இந்த மொறுமொறு சத்தம் என்ன மேடம், வயர் ஏதும் பொசுங்குதான்னு கேட்டுக்கிட்டிருந்தா. சின்னப் பொண்ணு. கறுப்புப் பெட்டியில இருந்து எடுத்த ஒலியில வர்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பேர் வைக்கிறது அவ வேலை. வயருமில்ல ஒண்ணுமில்லம்மா, கேப்டன் தனுஷ்கோடி காராச்சேவு திங்கிறார்னு சொன்னேன். விமானம் மேல ஏறி நிதானத்துக்கு வந்ததும் அவருக்கு அது வேணும். மதினி, அதாவது அவர் சம்சாரம் பிரேமலதா, சாத்தூர்ல இருந்து வரவழைச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்துவிடுவாங்க. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல பொட்டலத்தைப் பிரிச்சு வச்சு, எடுத்துக்க வல்லின்னு சொல்லுவார். என் பேரு செண்பகவல்லி, எங்க ஊர் அம்மன் பேரு, கோவில்பட்டிக்காரிக்கு வேற என்ன பேர் வைப்பாங்க. நானும் விமானிதான், எங்க விமானக் கம்பெனியில எல்லாருக்கும் நான் செண்பா, அவர் ஒருத்தருக்குத்தான் வல்லி. அவர் சிந்துற சேவுத் தூளை எத்தனை தடவை டிஷ்யூ பேப்பர் வச்சுத் துடைச்சிருக்கேன், பொத்தான் இடுக்குல போயிரக்கூடாதேன்னு. ரித்து அதை இங்கிலீஷ்ல ஒரு வரியாத் தட்டினா, சாப்பிடும் சத்தம்னு. அவ்வளவுதான், ஒரு மனுசன் கடைசியாத் தின்ன சேவு ஒரு வரியில முடிஞ்சு போச்சு. எனக்கு அழுகை வந்திருக்கணும். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடின்னா வந்திருக்கும். இப்ப வரலை.

சக்சேனா டீ சொல்லிட்டு வெளிய போயிருக்கார். டீ வந்து இந்தா முன்னால ஆறுது, மேல ஆடை கட்டிருச்சு, டெல்லிக்காரன் டீயில ஏலக்காயைத் தட்டிப் போட்டுப் பாயாசம் ஆக்கி வச்சிருக்கான். சக்சேனா இந்த விபத்து விசாரணை ஆபீஸ்ல மூத்தவர், ஓய்வு பெற நாள் எண்ணிக்கிட்டிருக்கிற ஆள் மாதிரி இருக்கார், ஆனா காது பாம்புக் காது. கம்பெனிக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை, போலீசுக்கும் சம்பந்தமில்லை, கோர்ட்டுக்கும் சம்பந்தமில்லை, தனி ஆபீஸ். காலையில வந்ததும் செல்போனை வாங்கி வெளிய ஒரு டப்பாவுல போட்டுப் பூட்டிட்டாங்க. இங்க கேட்டது இந்த அறையைத் தாண்டாதுன்னு கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம் சக்சேனா தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருப்பாரோ, அதைச் சொன்னார்: யார் தப்புன்னு கண்டுபிடிக்கிறது எங்க வேலை இல்லை கேப்டன், ஏன் நடந்துச்சு, மறுபடி நடக்காம இருக்க என்ன செய்யணும், அது மட்டும்தான். நல்ல வார்த்தை. எட்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே வார்த்தையை நான் வாசிச்சிருக்கேன், ஒரு படிவத்தோட தலைப்புல கொட்டை எழுத்துல போட்டிருந்தான். என்னை ஏன் கூப்பிட்டாங்கன்னா, காக்பிட்ல இருந்த ரெண்டு பேரும் தமிழாளுக, கன்ட்ரோல் டவர்கிட்டப் பேசுற நேரம் போக மிச்சமெல்லாம் தமிழ். இந்த அறையில தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். குரலும் தெரியணும், பாஷையும் தெரியணும், விமானமும் ஓட்டத் தெரியணும். இடது சீட்டுக் குரல் கேப்டன் தனுஷ்கோடி, வலது சீட்டுக் குரல் துணை விமானி நவ்ஃபல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இந்தக் குரலை எவ்வளவு காலமாத் தெரியும்னு ஒரு கேள்வி இருந்துச்சு. பதினோரு வருஷம்னு எழுதினேன். நல்லாத் தெரியுமான்னு இன்னொரு கேள்வி. நல்லாத் தெரியும்னு எழுதினேன். போ, நல்லாத் தெரிஞ்ச லட்சணம்.

இறங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீளமா ஒரு தமிழ்ப் பேச்சு வருதே, அது என்னன்னுதான் கேட்டுட்டுப் போயிருக்கார் சக்சேனா. பத்தாயிரம் அடிக்குக் கீழ வந்துட்டா காக்பிட்ல வேலைப் பேச்சைத் தவிர வேற பேச்சே கூடாது, அது எங்க சட்டம். இந்தப் பேச்சு அதுக்கு வெகு மேல நடந்தது. அதனால, விமானத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் கதைன்னா இவங்க எழுதுறதில்லை. செத்தவங்க வீட்டு விஷயம், பொண்டாட்டி சண்டை, ஆபீஸ் வம்பு, இதெல்லாம் எதுக்கு ஊருக்குத் தெரியணும். சம்பந்தமில்லாத பேச்சுன்னு ஒரே வரி போட்டுத் தாண்டிருவாங்க. அது அப்படித்தானா கேப்டன், யோசிச்சுச் சொல்லுங்க, டீ குடிங்கன்னு சொன்னார். என் மூஞ்சியைப் பார்த்துட்டார். கூட ஓட்டின ஆளோட குரலைக் கேட்டு உடைஞ்சு போயிட்டான்னு நினைச்சிருப்பார், டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளி வச்சுட்டுப் போனார். உடைஞ்சதுதான் சார். ஆனா நீங்க நினைக்கிற இடத்துல இல்லை.

நவ்ஃபல்தான் ஆரம்பிச்சான். "சார், ஒண்ணு கேக்கலாமா? போன வாரம் வேற கேப்டன் கூடக் கருமலையில இறங்கினேன். மழை. வேகம் ஜாஸ்தி. ஓடுதளம் முடியிற இடத்துல போய் நின்னோம். அதை எழுதிப் போடலாம்னு இருக்கேன், பேர் வெளிய வராதுங்கிறாங்க. போடலாமா?" எவ்வளவு பவ்யமாக் கேக்குறான். எங்க தொழில்ல அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு, தப்பு நடந்தா, நடக்கப் பார்த்தா, பார்த்தவன் எழுதிப் போடலாம், எழுதினது யாருன்னு கம்பெனி கேக்கக் கூடாது, அவன் மேல கை வைக்கக் கூடாது. தனுஷ்கோடி சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், தோள் குலுங்கும். "தாராளமா எழுதலாம் தம்பி. நம்ம வல்லி எழுதினாளே. இதே கருமலைதான், இதே மழைதான். பேர் வெளிய வரலையா? எப்படி வந்துச்சுன்னு நினைக்கிற? நான்தான் சொன்னேன். கம்பெனிப் பெரியவர் கூப்பிட்டு, யாருய்யா எழுதினதுன்னார், சொல்லிட்டேன். உக்காந்து எழுதிக் குடுத்ததே நான்தானே. இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது, கூட வீட்டுல இருந்த பிள்ளை சொல்லிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா, பாவம்." பாவமாம். அதுக்கப்புறம்தான் அந்த மொறுமொறு. வாயில சேவை வச்சுக்கிட்டே, "நீ புத்தியுள்ள பிள்ளை. வாயை மூடிக்கிட்டு ஓட்டு, நாளைக்கு இந்தச் சீட்டு உனக்கு. எடுத்துக்க." நவ்ஃபல் சரி சார்னான். சேவை எடுத்தானா தெரியலை. ரெண்டாவது மொறுமொறு கேக்கலை.

எட்டு வருஷம். அப்ப நான் வலது சீட்டுல இருந்தேன், இடது சீட்டுல ஒரு பெரிய இடத்து ஆளு, மழையில கருமலையில விமானத்தை அதிவேகமாக் கொண்டு போய்ப் போட்டு, முன்சக்கரம் புல்லை முகர்ந்து பார்த்துட்டு நின்னுச்சு. அந்தப் பக்கம் பழைய கல்லுக்குழி, அவ்வளவு பெருசு, தண்ணி நிக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலை, பயணிகளுக்குத் தெரியக்கூட இல்லை, ஒரு கிழவர் இறங்கும்போது நல்ல பிரேக்கும்மான்னு பாராட்டிட்டுப் போனார். என்னால தூங்க முடியலை. யார்கிட்டப் போனேன்? அண்ணன்கிட்டத்தான், தனுஷ்கோடியை நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். கேன்டீன்ல மூலை மேசையில உக்காந்து, வல்லி, கோபத்தை எடுத்துட்டு எழுதும்மா, கேப்டனைத் திட்டாத, ஓடுதளத்தைப் பத்தி எழுது, ஈரத்துல நிக்க எவ்வளவு தூரம் வேணும், குழி எங்க இருக்கு, அதை எழுதுன்னு ஒவ்வொரு வரியாத் திருத்திக் குடுத்தார். பொங்கல் தட்டு முன்னால ஆறிக் கிடந்துச்சு. அந்தக் கையாலதான் திருத்தினார், அந்த வாயாலதான் போய்ச் சொல்லியிருக்கார். எந்த மாசம் சொன்னார், அடுத்த நாளேவா, பொங்கல் தின்ன கையைக் கழுவிட்டு நேரே மாடிக்குப் போயிட்டாரா? இல்லை, கொஞ்சநாள் யோசிச்சாரா, மனசு உறுத்திச்சா, இதையெல்லாம் இனி யார்கிட்டப் போய்க் கேக்க. உசிரோட இருந்தா வீட்டு வாசல்ல நின்னு கேட்டிருப்பேன், தெருவே கூடுற மாதிரிக் கேட்டிருப்பேன். செத்த ஆள்கிட்ட எப்படிச் சண்டை போடுறது.

பேர் தெரிஞ்சதும் அந்த எழுத்துக்கு உசிர் போயிருச்சு. அவளுக்கு அந்தக் கேப்டன் மேல சொந்தப் பகை, அதான் எழுதியிருக்கான்னு ஒரு வார்த்தையில மூடிட்டாங்க. கல்லுக்குழியை யாரும் போய்ப் பார்க்கலை. எனக்கு ரைட்டரம்மான்னு பேர் வச்சாங்க, போலீஸ் ஸ்டேஷன்ல எழுதுற ரைட்டர் மாதிரி. என்ன ரைட்டரம்மா, இன்னைக்கு யாரை எழுதப் போறீங்கன்னு பஸ்ல ஏறும்போது கேப்பான், லிஃப்ட்ல கேப்பான், சிரிப்பானுக. என்கூடச் சேர்ந்தவனெல்லாம் இடது சீட்டுக்குப் போயிட்டான், நான் நாலு வருஷம் பின்னால போனேன். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஜெசிந்தாவை விட்டேனே, அதைத்தான் பொறுக்க முடியலை. பழவந்தாங்கல்ல ஒரே வீட்டுல இருந்தோம், ஒரே குக்கர், ஒரே இட்லிப் பொடி டப்பா. கம்பெனி ஆபரேஷன்ஸ் ஆபீஸ்ல வேலை பார்த்தா, மாடியில இருக்கிற பெரியவர் அறைக்குப் பக்கத்து அறை. நான் எழுதினது தெரிஞ்சது ரெண்டே பேருக்கு, அவளுக்கும் அண்ணனுக்கும். அப்ப யாரைச் சந்தேகப்படுவேன்? அண்ணனையா? அண்ணன் எங்கப்பா செத்தப்ப கோவில்பட்டிக்கு வந்து பாடைக்குத் தோள் குடுத்தவர். நான் அழுதுக்கிட்டு நின்னப்ப அவர் ஒரு பேரும் சொல்லலை, பெருமூச்சு விட்டு, வீட்டுக்குள்ளயே ஆள் இருந்தா என்னம்மா செய்யிறதுன்னு மட்டும் சொன்னார். என்ன கெட்டிக்காரத்தனம் பாரு. அன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டேன். ஜெசிந்தா கதவுல நின்னு, நான் சொல்லலைடி செண்பா, எங்கம்மா மேல சத்தியமா சொல்லலைடின்னா. நடிக்காதன்னேன். அவ இப்ப திருச்சியில இருக்கா. விபத்துச் செய்தி வந்த அன்னைக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா, நீ அதுல இல்லையேன்னு மட்டும். நான் பார்த்தேன், பதில் போடலை. அது இன்னும் போன்ல இருக்கு, போன் வெளிய டப்பாவுல இருக்கு. போட்டாலும் என்ன எழுதுவேன்? இங்க கேட்டது வெளிய போகக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நீ இல்லடி, அவன்தான்னு சொல்லக்கூட எனக்கு வழி இல்லை.

அவன்னு வந்துருச்சு பாரு. பதினோரு வருஷத்துல ஒரு நாள் அவரை அவன்னு நினைச்சதில்லை. வரட்டும், அவன்தான். நம்ப வச்சுக் கழுத்தறுத்தவனுக்கு என்ன அவரு இவரு. ஆனா குறுக்குக் காத்துல விமானத்தை எப்படி இறக்குறதுன்னு சொல்லிக் குடுத்தது இவன்தானே. கையை இறுக்காத வல்லி, பால் டம்ளரைப் பிடிக்கிற மாதிரிப் பிடின்னு சொன்னது இவன்தானே. ஒவ்வொரு தடவை காத்து அடிக்கும்போதும் என் கை இவன் சொன்னபடிதானே பிடிக்குது, அதை எங்க போய்க் கழுவ. நான் இடது சீட்டுக்குப் போன அன்னைக்கு முதல் ஆளா வந்து தோள்பட்டையில நாலு கோட்டுப் பட்டையை மாட்டிவிட்டு, எனக்குத் தெரியும்மா நீ வருவேன்னு கண் கலங்கினார். நிஜமாவே கலங்கினார், நடிப்பில்லை. அதான் எனக்குப் புரியலை. அதுவும் நிஜம், இதுவும் நிஜமா? நாலு வருஷம் என்னைத் தடுத்தவனே நாலு வருஷம் கழிச்சு எனக்காக அழுவானா? பெரியவர் கேட்டார், சொல்லிட்டேன்னு எவ்வளவு சாதாரணமாச் சொல்றான், உப்பு இருக்கான்னு கேட்டார், குடுத்துட்டேங்கிற மாதிரி. அதுக்கு அடுத்த வருஷம் அவரைப் பயிற்சிக்குத் தலைமை ஆக்கினாங்க. நான் போய் ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன். என்னைவிட ஒரு கேணச்சி இருப்பாளா.

மதினி தினமும் கூப்பிடுறாங்க. இங்க வர்றேன்னு தெரியும், என்னத்துக்குன்னும் தெரியும். நேத்து ராத்திரி, "கடைசியில என்ன பேசினாக செண்பா, என் பேரைச் சொன்னாகளா, அதை மட்டும் சொல்லு, போதும்"னு கேட்டாங்க. சொல்லக் கூடாது மதினி, சட்டம்னேன். அவங்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் புரியலை, சரித்தான்னு வச்சுட்டாங்க. அவர் பேர் சொல்லலை மதினி, நீங்க கட்டிக் குடுத்த சேவைத் தின்னார், என்னைப் போட்டுக் குடுத்த கதையைச் சொன்னார், ரெண்டும் ஒரே வாய்தான். பயிற்சி அறைக்கு அவர் பேர் வைக்கப் போறதாக் கம்பெனியில பேச்சு. போட்டோ பெருசு பண்ணியாச்சாம், மாலை போட்ட மாதிரியே சட்டம் போட்டிருக்காங்களாம். அந்த அறையில நாளைக்கு வர்ற பிள்ளைக எல்லாம் அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுப் பாடம் படிக்கும். தப்பைக் கண்டா உடனே பேசுங்கன்னு பாடம். நினைச்சா சிரிப்பு வருது. ரித்து நிமிர்ந்து பார்க்கிறா. ஒண்ணுமில்லம்மான்னேன்.

சம்பந்தமில்லாத பேச்சு சார்னு சொல்லிட்டா முடிஞ்சுது. இவங்களுக்குத் தமிழ் தெரியாது. வேற ஆளை வச்சுச் சரிபார்ப்பாங்களோ என்னவோ, பார்த்தாலும் சட்டப்படி அது உயரத்துல பேசின பேச்சு, சொந்தக் கதை, நான் சொன்னது பொய்னு யாரும் சொல்ல முடியாது. மதினிக்கு நிம்மதி. கம்பெனிக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதிதான், மறுபடி ரைட்டரம்மான்னு எவனும் கூப்பிட மாட்டான். நானே வந்து இதைச் சொன்னா என்ன ஆகும்? செத்த மனுசனைப் பழி வாங்குறா, எட்டு வருஷத்துப் பகையை மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கா பாருன்னு சொல்லுவானுக. முன்னாடி சொன்ன அதே வார்த்தை, சொந்தப் பகை. பேர் வெளிய வராதுன்னு சக்சேனாவும்தான் சொல்றார். அறிக்கையில பேர் போட மாட்டோம், வேறொரு விமானின்னுதான் போடுவோம்னு சொல்லுவார். வேறொரு விமானி யாருன்னு கம்பெனியில காபி போடுறவனுக்குக்கூடத் தெரியும். நம்புறதுக்கு எனக்கு இன்னொரு எட்டு வருஷம் எங்க இருக்கு. நாற்பது வயசுல இந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும் எனக்கு. பேசாம இரு செண்பகவல்லி. செத்தவன் செத்துட்டான். டீயைக் குடி. டீ சில்லுனு இருக்கு.

அந்த மூச்சு இல்லேன்னா நான் பேசாமத்தான் இருந்திருப்பேன். ரித்து தட்டினதுல கடைசிப் பக்கம். அதே கருமலையில இறங்கிக்கிட்டிருக்காங்க, மழை கண்ணாடியில அடிக்கிறது கேக்குது, வைப்பர் ஓடுது. நவ்ஃபல், ஸ்பீடு சார்னான். ஒரே தடவை. தெரியுது தம்பின்னார். குரல்ல பதட்டமே இல்லை, அதான் கொடுமை, ரெண்டு பேர் குரல்லயும் இல்லை. அந்த நேரத்துல வேகம் அடங்கலைன்னா இறங்கக் கூடாது, மேல போயிரணும், சுத்திட்டு மறுபடி வரணும். அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு, கோ அரவுண்ட். ரெண்டு பேர்ல யார் வேணா சொல்லலாம், யார் சொன்னாலும் அடுத்தவன் கேட்டே ஆகணும், கேள்வி கேக்கக் கூடாது. ரெண்டே வார்த்தை. பயிற்சியில நவ்ஃபல் அதைத் தொண்டை கிழியச் சொல்லுவான், நானே கேட்டிருக்கேன். அந்த இடத்துல வலது மைக்ல ஒரு மூச்சு, உள்ள இழுக்கிற மூச்சு, பேசுறதுக்கு முன்னாடி எல்லாரும் இழுப்போமே அது. இழுத்தான். அப்புறம் ஒண்ணுமில்லை. மழை. வைப்பர். ரித்து அதை மூணு தடவை போட்டா, இது என்ன சத்தம் மேடம்னு. மூச்சும்மான்னேன். மூச்சு இழுக்கும் சத்தம்னு தட்டிக்கிட்டா. அந்த மூச்சு எனக்குத் தெரியும். எட்டு வருஷமா மீட்டிங்ல, கேன்டீன்ல, லிஃப்ட்ல நான் இழுத்து இழுத்து முழுங்கின மூச்சு அது. எனக்கு ஏன் அடைச்சுதுன்னா பேர் போனதால. அவனுக்கு ஏன் அடைச்சுதுன்னா என் கதையைக் கேட்டதால. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி சேவோட சேர்த்து ஊட்டிவிட்ட கதை. வாயை மூடிக்கிட்டு ஓட்டுன்னு சொன்னார், அவன் சொல் பேச்சுக் கேக்கிற பிள்ளை, கேட்டுட்டான். கேட்டதுக்கு அவனும் போனான், சொன்னவரும் போனார், பின்னால உக்காந்திருந்ததுல பாதிப் பேர் அந்தக் கல்லுக்குழியில போனாங்க. எழுதிக் குடுத்தேனே அய்யா, குழி எங்க இருக்குன்னு. நீயே திருத்திக் குடுத்தியே.

ஆஸ்பத்திரியில நவ்ஃபலோட வாப்பா நின்னார், கீழக்கரையில இருந்து வந்தவர், மெலிஞ்ச மனுசன், கையில பையனோட கைக்கடிகாரத்தை வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். டிவியில எவனோ உளறிக்கிட்டிருந்தான், துணை விமானி பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தானாம், வாயே திறக்கலையாம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தைரியம் இல்லையாம். எவன் சொன்னானோ, எங்க இருந்து கசிஞ்சுதோ. வாப்பா என் யூனிபார்மைப் பார்த்துட்டு வந்து, "எம்புள்ள பேசத் தெரியாதவன் இல்லைம்மா. பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டியில கப்பு வாங்கினவன். அவன் ஏன்ம்மா வாயைத் திறக்கலை?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியலை வாப்பான்னேன். அன்னைக்கு அது நிஜம். இன்னைக்கு எனக்குத் தெரியும். உலகத்துல உசிரோட இருக்கிற ஆள்ல எனக்கு மட்டும்தான் தெரியும். சம்பந்தமில்லாத பேச்சுன்னு ஒரு வரி போட்டுட்டா, அறிக்கையில என்ன வரும்? துணை விமானி உரிய நேரத்தில் குரல் எழுப்பவில்லை. அதோட அவன் கதை முடியும். அண்ணன் போட்டோவுக்குக் கீழ உக்காந்து அந்த வரியை வாசிப்பாங்க. என் பக்கத்துச் சீட்டுல இன்னைக்கு வந்து உக்கார்ற பிள்ளைக இருக்கே, நேத்து ஒரு பொண்ணு, வானத்துல மேகத்தைப் பார்த்துட்டு என் பக்கம் திரும்பினா, அப்புறம் முன்னால திரும்பிக்கிட்டா. என்னன்னு நான் கேக்கலை. அவ எந்தக் கதையைக் கேட்டுட்டு வந்தாளோ. ரைட்டரம்மா கதையைத்தான் கேட்டிருப்பா, வேற எது.

கதவு திறக்குது, சக்சேனா. கையில ரெண்டு பிஸ்கட்டோட வந்திருக்கார், ஒண்ணை என் முன்னால வச்சார். உக்காந்து கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, அவசரமே இல்லை கேப்டன், அது சொந்தப் பேச்சுதான்னா ஒரு தலையாட்டு போதும், ரித்து போட்டுக்குவான்னார். ரித்து விரலைப் பொத்தான் மேல வச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறா. எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்யிறாங்க. தனுஷ்கோடியும் எனக்கு நல்லதுதான் செஞ்சார், அப்படித்தான் நினைச்சிருப்பார், இல்லேன்னா இவ பாட்டுக்கு எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருப்பான்னு. மதினி, மன்னிச்சிருங்க. இல்லை, மன்னிக்க வேண்டாம், திட்டுங்க, வீட்டுப் படி ஏறாதன்னு சொல்லுங்க, நானும் ஒருத்தியை அப்படித்தான் சொன்னேன். மூச்சை இழுத்தேன். அது பெருசாக் கேட்டுச்சு, இந்த அறையில சுவரெல்லாம் பஞ்சு வச்சிருக்காங்க, சின்னச் சத்தமும் கேக்கும். அந்த இடத்துக்குத் திரும்பப் போங்க சார்னேன். நவ்ஃபல் கேள்வி கேக்கிற இடத்துல இருந்து, சேவு திங்கிற வரைக்கும், அவன் சரி சார்னு சொல்ற வரைக்கும். ஒரு வரி விடாம எழுதணும். பத்தாயிரம் அடிக்கு மேலன்னா பரவாயில்லை, அங்கதான் சார் விபத்து ஆரம்பிச்சுது, கீழ வந்தது முடிவு. சக்சேனா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிட்டார். ரித்து கோட்டைப் பின்னால இழுத்தா. சார், ஒண்ணு கேக்கலாமான்னு அந்தப் பிள்ளை கேட்டான், நான் அதைச் சொன்னேன், ரித்து தட்டினா. அண்ணன் சிரிச்சார், நம்ம வல்லி எழுதினாளேன்னார், அதையும் அப்படியே சொன்னேன். சக்சேனா கையைத் தூக்கினார். ஒலி நின்னுச்சு. யாரந்த வல்லின்னு கேட்டார்.

நான்தான் சார்னேன்.